டெல்டாவில் ஓடும் லினக்ஸ் கணினிக்குச் சரியான நேரம்: கெர்னல் கடிகாரத்தை நெட்வொர்க்கோடு இணைக்கும் வழி

சம்பா கொள்முதல் முடிந்து பூட்டிய அறையைக் குறுவைக்குத் திறக்கும்போது, அங்கிருக்கும் கணினியில் முதலில் தப்பாக இருப்பது தேதிதான். அரிசி ஆலையின் எடைமேடைக் கணினி, உரக்கடையின் பில் மெஷின், பிரவுசிங் சென்டரின் பழைய பெட்டிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தேதி தப்பினால் பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்காமல் சான்றிதழ் சரியில்லை என்று முரண்டு பிடிக்கும். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் பாஸ்வேர்டு செயலி தரும் எண்ணை சர்வர் ஏற்காது. உபுண்டுவில் அப்டேட் போட்டால் "ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்ற பிழை வரும். பழுது பார்க்கும் ஆள் வந்து நேரத்தைக் கையால் திருத்திவிட்டுப் போவார். பத்து நாளில் மறுபடியும் தப்பும். கையால் திருத்துவது முள்ளை நகர்த்துவதோடு சரி. கடிகாரம் ஓடும் வேகத்தை அது தொடுவதில்லை. வேகத்தைத் திருத்த, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே ஏற்பாடு இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இங்கே.

கட்டளைகளையும் சர்வர் முகவரிகளையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். திரையில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில், சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

இரண்டு கடிகாரங்கள்

ஒவ்வொரு கணினியிலும் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று மதர்போர்டில் இருக்கும் ஆர்டிசி. நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு சிறிய கிரிஸ்டலும், சிஆர் 2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரியும் சேர்ந்தது. கரண்ட் இல்லாதபோதும் ஓடுவது இதுதான். மற்றது கெர்னல் கடிகாரம். கணினி கிளம்பும்போது ஆர்டிசியை ஒருமுறை படித்துக்கொண்டு, அதன்பின் பிராசஸருக்குள் இருக்கும் எண்ணியைப் பார்த்துத் தானே எண்ணிக்கொண்டு போகும். 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி என்பதே அதன் கணக்கு. இந்திய நேரம் என்பது அதன்மேல் ஐந்தரை மணி கூட்டிக் காட்டும் அலங்காரம் மட்டுமே.

இரண்டுமே பிசகும். பிசகை பிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1 பிபிஎம் என்றால் நாளைக்கு 0.0864 நொடி. சாதாரண போர்டு 20 பிபிஎம் பிசகினால் நாளைக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 52 நொடி. வெப்பமும் சேர்ந்துகொள்ளும். ஆர்டிசி கிரிஸ்டல் 25 டிகிரியில் சரியாக ஓடும்படி செய்யப்பட்டது. அதிலிருந்து எத்தனை டிகிரி விலகுகிறதோ அதன் வர்க்கத்தை 0.035-ஆல் பெருக்கினால் வருகிற பிபிஎம் அளவுக்கு மெதுவாகும். சித்திரை வெயிலில் தகரக் கூரை அறை 45 டிகிரிக்குப் போனால் 20 × 20 × 0.035, அதாவது 14 பிபிஎம். அறை குளிர்ந்தாலும் மெதுவாகத்தான் ஆகும், வேகமாகாது. அதனால் பகல் பிசகை இரவு ஈடுகட்டும் என்று எண்ணிவிட வேண்டாம்.

பேட்டரி செத்துப்போயிருந்தால் பிசகு என்ற பேச்சே இல்லை. போர்டு தயாரித்த காலத்துத் தேதிக்கே போய் நிற்கும். மல்டிமீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். கீழே சொல்லப்போகும் எதையும் செய்வதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.

நேரம் எங்கிருந்து வருகிறது

நெட்வொர்க்கில் நேரம் கேட்கும் முறைக்கு என்டிபி என்று பெயர். டெலவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் வகுத்தது. முதல் ஆவணம் 1985-இல் வந்தது. இப்போது ஓடும் நான்காம் பதிப்பு 2010-இல் வந்தது. யூடிபி போர்ட் 123 வழியாகப் போகும் ஒரு சின்னப் பாக்கெட், அவ்வளவுதான்.

சர்வர்களுக்குப் படிநிலை உண்டு, அதை ஸ்ட்ரேட்டம் என்பார்கள். அணுக் கடிகாரமும் ஜிபிஎஸ்ஸும் 0. அதனோடு நேரடியாக இணைந்த சர்வர் 1. அதைக் கேட்பது 2. இப்படி 15 வரை போகும். 16 என்றால் நேரமே தெரியாத கணினி என்று பொருள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாறு வழியாகக் கிளை வாய்க்கால்களுக்குப் போய்க் கடைமடையைத் தொடும்போது ஒவ்வொரு மதகிலும் கொஞ்சம் குறைவதைப் போல, ஒவ்வொரு படியிலும் பிழை கொஞ்சம் கூடும். ஆனாலும் ஒழுங்காக ஓடும் ஸ்ட்ரேட்டம் 3 சர்வர், தள்ளாடும் ஸ்ட்ரேட்டம் 1-ஐ விட மேல்.

கேள்வி பதிலில் நான்கு நேரங்கள் பதிவாகின்றன: நீங்கள் அனுப்பியது, சர்வர் பெற்றது, சர்வர் திருப்பியது, உங்களுக்கு வந்து சேர்ந்தது. இவற்றைக் கொண்டு பயண நேரத்தைக் கழித்து, இரு கடிகாரங்களின் வித்தியாசத்தைக் கணிக்கிறார்கள். போகவும் வரவும் ஒரே நேரம் ஆகிறது என்பது இந்தக் கணக்கின் அனுமானம். மொபைல் டாங்கிளில் அது பல நேரம் பொய். போக 90 மில்லிநொடி, வர 30 மில்லிநொடி ஆனால், வித்தியாசத்தில் பாதி, அதாவது 30 மில்லிநொடி தப்பாகக் கணிக்கும். எந்த மென்பொருளாலும் இதைத் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. பில் போடுவதற்கும் கேமராவுக்கும் 30 மில்லிநொடி ஒரு பொருட்டே இல்லை, விட்டுவிடுங்கள்.

முதலில் நிலைமையைப் பாருங்கள்

"டைம்டேட்சிடிஎல்" என்று தட்டுங்கள். லோக்கல் டைம், யுனிவர்சல் டைம், ஆர்டிசி டைம் என்று வரிசையாக வரும். டைம் ஸோன் வரியில் ஏசியா/கொல்கத்தா இருக்க வேண்டும். இல்லையென்றால் "சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன் ஏசியா/கொல்கத்தா" (இந்த ஒன்றில் மட்டும் ஏசியா, கொல்கத்தா இரண்டின் முதலெழுத்தும் பெரிய எழுத்து). சென்னை, தஞ்சாவூர் என்று பட்டியலில் தேட வேண்டாம். நாடு முழுக்க ஒரே நேரம்தான். மிர்சாபூர் அருகே போகும் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம் அது. தஞ்சாவூர் அதற்கு மேற்கே 79 டிகிரி சொச்சத்தில் இருப்பதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 13 நிமிடம். நிழலைப் பார்த்துக் கணினி தப்பு என்று சொல்பவருக்கு இதைச் சொல்லலாம்.

"சிஸ்டம் கிளாக் சின்க்ரனைஸ்டு: யெஸ்" என்ற வரியை மட்டும் நம்பிவிடாதீர்கள். சர்வரிடமிருந்து பதில் வராத ஒவ்வொரு நொடிக்கும் கெர்னல் தன் பிழை மதிப்பீட்டில் 500 மைக்ரோநொடி கூட்டிக்கொண்டே போகும். அது 16 நொடியைத் தொடும்போதுதான் யெஸ் என்பது நோ ஆகும். கணக்குப் போட்டால் 32,000 நொடி, கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். காலையில் நெட் போயிருந்தாலும் மதியம் வரை யெஸ் என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

குரோனியை நிறுவுதல்

உபுண்டு, டெபியன் கணினிகள் பலவற்றில் டைம்சின்க்டி என்ற சிறிய சேவை ஏற்கெனவே ஓடும். நல்ல பிராட்பேண்டும் இன்வெர்ட்டரும் உள்ள வீட்டுக் கணினிக்கு அதுவே போதும். ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரே சர்வரைத்தான் கேட்கும். அந்த சர்வர் பொய் சொன்னால் தெரிந்துகொள்ள வழியில்லை. மழைக்காலத்தில் நாளுக்கு நாலு முறை கரண்டும் நெட்டும் போய் வருகிற இடத்துக்கு, என்டிபி வழியாக நேரம் திருத்தும் குரோனி என்ற நிரல்தான் சரி. விட்டு விட்டு வரும் இணைப்பில் கிடைக்கும் சில பதில்களைக் கொண்டே கடிகாரத்தின் வேகத்தைக் கணித்துவிடும்.

"சூடோ ஆப்ட் இன்ஸ்டால் குரோனி". டைம்சின்க்டி தானாக நீங்கிவிடும். ஃபெடோரா வகைகளில் "டிஎன்எஃப் இன்ஸ்டால் குரோனி". அங்கே சேவையின் பெயர் குரோனிடி, அமைப்புக் கோப்பு நேராக ஈடிசி அடைவில் இருக்கும். டெபியன் வகையில் ஈடிசிக்குள் குரோனி என்ற அடைவில் குரோனி.கான்ஃப். அதைத் திறந்து, ஏற்கெனவே உள்ள பூல் (சர்வர் தொகுப்பு) வரிகளின் முன்னால் # போட்டுவிட்டு இவற்றை எழுதுங்கள்:

சர்வர் சமய்1.என்ஐசி.இன் ஐபர்ஸ்ட்
சர்வர் சமய்2.என்ஐசி.இன் ஐபர்ஸ்ட்
சர்வர் டைம்.என்பிஎல்இந்தியா.ஆர்க் ஐபர்ஸ்ட்
பூல் இன்.பூல்.என்டிபி.ஆர்க் ஐபர்ஸ்ட் மேக்ஸ்சோர்சஸ் 3

முதல் இரண்டும் தேசிய தகவலியல் மையத்தினுடையவை. மூன்றாவது, இந்திய நேரத்தைப் பேணும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துடையது. நிறுவனங்களும் சேவை வழங்குநர்களும் இவற்றோடு, அல்லது இவற்றைத் தொடரும் சர்வர்களோடு கடிகாரத்தை இணைக்க வேண்டும் என்று இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. நான்காவது வரி, இவை பதில் சொல்லாத நேரத்துக்கு.

எத்தனை சர்வர் என்பதில் ஒரு நுணுக்கம். ஒன்று வைத்தால் அது சொன்னதே வேதம். இரண்டு வைத்து அவை முரண்பட்டால் எது பொய் என்று தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. ஒன்றை விட மோசம். மூன்றில் பெரும்பான்மை கிடைக்கும், நான்கில் ஒன்று படுத்தாலும் கிடைக்கும். கூகுளின் நேர சர்வரை மட்டும் இந்தப் பட்டியலில் கலக்காதீர்கள். உலக நேரத்தில் எப்போதாவது கூட்டப்படும் லீப் நொடியை அது ஒரு நாள் முழுக்கப் பரப்பிக் கரைத்துவிடும். மற்றவை ஒரே நொடியாகக் கூட்டும். அன்று இரு தரப்பும் அரை நொடி வரை முரண்படும். கடைசி லீப் நொடி நம் நேரப்படி 2017 ஜனவரி 1 காலை 5:29:60-க்கு வந்தது. 2012-இல் வந்ததோ லினக்ஸ் கெர்னலில் இருந்த ஒரு பிழையைக் கிளறி, உலகெங்கும் பல சர்வர்களின் பிராசஸரை மூச்சு முட்ட ஓட வைத்தது.

அதே கோப்பில் இந்த மூன்று வரிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்: டிரிஃப்ட்ஃபைல், மேக்ஸ்டெப் 1 3 (மேக், ஸ்டெப் என்ற இரு சொற்களையும் சேர்த்து), ஆர்டிசிசின்க்.

டிரிஃப்ட்ஃபைல்தான் இந்த ஏற்பாட்டின் உயிர். உங்கள் போர்டின் கிரிஸ்டல் எத்தனை பிபிஎம் பிசகுகிறது என்று குரோனி கற்றுக்கொண்டதை அதில் எழுதிவைக்கும். மறுமுறை கணினி கிளம்பியதும், நெட் வருவதற்கு முன்பே, அந்த எண்ணை அட்ஜ்டைம்எக்ஸ் என்ற அழைப்பின் வழியாகக் கெர்னலிடம் கொடுத்து வேகத்தைத் திருத்திவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது, நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் தொடர்பு இல்லை. அப்படி ஒரு நிலையில் ஜெனரேட்டரில் ஓடும், 20 பிபிஎம் பிசகும் கணினி பத்து நாளில் 17 நொடி விலகும். வேகம் 1 பிபிஎம் அளவுக்குத் திருத்தப்பட்டிருந்தால் விலகல் ஒரு நொடிக்குள் நிற்கும்.

ஆர்டிசிசின்க் இருந்தால், கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை திருத்திய நேரத்தை ஆர்டிசியில் எழுதும். இந்த வரி விடுபட்டால் குரோனி ஒழுங்காக ஓடினாலும் டைம்டேட்சிடிஎல் "நோ" என்றே காட்டும். புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

சேமித்துவிட்டு "சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் குரோனி".

தாவலும் நகர்த்தலும்

மேக்ஸ்டெப் 1 3 என்பதைப் புரிந்துகொள்ளாமல் மாற்றினால் கணக்குப் புத்தகமே கலையும். நேரத்தைத் திருத்த இரண்டு வழி உண்டு. ஒரேயடியாகத் தாவலாம், அல்லது கடிகாரத்தைக் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டு நகர்த்தலாம். பின்னோக்கித் தாவினால் 10:05-க்குப் போட்ட பில்லுக்கு அடுத்த பில் 10:02 என்று பதியும், டேட்டாபேஸில் வரிசை கெடும், கேமராப் பதிவில் மூன்று நிமிடம் இரட்டிக்கும். நகர்த்தினால் நேரம் ஒருபோதும் பின்னே போகாது.

மேக்ஸ்டெப் 1 3 சொல்வது: முதல் மூன்று திருத்தங்களுக்குள், பிழை 1 நொடிக்கு மேல் இருந்தால் தாவு, அதன்பின் நகர்த்து. மூன்று என்பது திருத்தங்களின் எண்ணிக்கை, நிமிடமல்ல. காலை எட்டு மணிக்குக் கணினி கிளம்பிப் பத்து மணிக்கு நெட் வந்தாலும் தாவல் நடக்கும். எப்போது வேண்டுமானாலும் தாவலாம் என்று கடைசி எண்ணை -1 ஆக்கச் சொல்வார்கள். மடிக்கணினிக்குச் சரி. பில் போடும் கணினியில் செய்யாதீர்கள்.

யாராவது இடையில் கையால் ஒரு மணி நேரம் மாற்றிவிட்டால் குரோனி நகர்த்தித்தான் திருத்தும். அதன் அதிகபட்ச வேகம் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதால் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். அவசரமென்றால் பில் மென்பொருளை மூடிவிட்டு "சூடோ குரோனிசி மேக்ஸ்டெப்" என்று ஒரு தடவை தட்டுங்கள்.

நெட் வரும் முன்பே பில் மென்பொருள் தப்பான தேதியோடு கிளம்பிவிடுவது இன்னொரு தொல்லை. அதைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் முதல் வரியாக "குரோனிசி வெயிட்சின்க் 30 0.5" வையுங்கள். பிழை அரை நொடிக்குள் வரும்வரை பத்து நொடிக்கொருமுறை பார்த்துக்கொண்டு, அதிகபட்சம் ஐந்து நிமிடம் காத்திருக்கும். நேரம் கிடைக்காமல் முடிந்தால் தோல்விக் குறியோடு திரும்பும். அப்போது மென்பொருளைத் திறப்பதா என்பதை ஸ்கிரிப்டே முடிவு செய்யட்டும்.

வெளியீட்டைப் படித்தல்

"குரோனிசி சோர்சஸ்" தட்டினால் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வரி வரும். பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அதைத்தான் இப்போது பின்பற்றுகிறது. கூட்டல் குறி என்றால் கணக்கில் சேர்த்திருக்கிறது. கழித்தல் என்றால் நல்லதுதான், தேவைப்படவில்லை. எக்ஸ் என்றால் மற்றவற்றோடு முரண்படும் பொய்யர். கேள்விக்குறி என்றால் எட்டவில்லை, அல்லது இன்னும் போதிய பதில் வரவில்லை.

ரீச் என்ற பத்தியில் வரும் எண் எட்டின் அடிமானத்தில் எழுதப்பட்டது. 377 என்றால் கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்தது. 376 என்றால் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. நெட் இருந்தும் எல்லா வரியிலும் 0 என்றால் உங்கள் ரவுட்டரோ சேவை நிறுவனமோ யூடிபி 123-ஐ அடைத்திருக்கலாம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை இணைத்துப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் கோளாறு ரவுட்டர் பக்கம்தான். திறக்க வழியே இல்லையென்றால் எச்டிபிடேட் என்ற நிரல் இணையதளங்கள் அனுப்பும் தேதியைப் படித்துத் திருத்தும். ஒரு நொடி அளவுக்குத்தான் துல்லியம், ஆனால் சான்றிதழ்ப் பிரச்சினை தீரும்.

"குரோனிசி டிராக்கிங்" தரும் வெளியீட்டில் மூன்று வரி போதும். சிஸ்டம் டைம்: இப்போதைய பிழை. ஃப்ரீக்வென்சி: உங்கள் கிரிஸ்டலின் பிசகு. ஸ்கியூ: அந்தக் கணிப்பில் எவ்வளவு சந்தேகம். முதல் நாள் ஸ்கியூ பெரிதாக இருக்கும். ஓரிரு நாள் விடாமல் ஓடினால் 1 பிபிஎம்முக்கும் கீழே இறங்கும்.

ஒரே அறையில் பல கருவிகள்

கேமராப் பெட்டி, விரல்ரேகை மெஷின், எடைமேடைக் கணினி ஆகியவை தனித்தனியாக வெளியே போய் நேரம் கேட்க வேண்டாம். ஒரு லினக்ஸ் கணினியை உள்ளூர் சர்வராக்குங்கள். குரோனி.கான்ஃப்பில் "அலவ் 192.168.1.0/24" என்றும் (உங்கள் ரவுட்டரின் எண் வரிசைப்படி) "லோக்கல் ஸ்ட்ரேட்டம் 10" என்றும் சேர்த்து, ஃபயர்வால் இருந்தால் "சூடோ யூஎஃப்டபிள்யூ அலவ் 123/யூடிபி" கொடுங்கள். இரண்டாவது வரி, வெளி இணைப்பு அறுந்தாலும் உள்ளே நேரம் சொல்லிக்கொண்டிருக்கும்படி செய்யும். எல்லாமே ஒன்றாகப் பிசகினால்கூட எடைச்சீட்டும் கேமராப் படமும் ஒத்துப்போகும். தகராறு வரும்போது கேட்கப்படுவது அதுதான். இந்தக் கணினியின் ஐபி முகவரி மாறாதபடி ரவுட்டரில் கட்டிவிடுங்கள். கேமராப் பெட்டியின் மெனுவில் என்டிபி பகுதியில் அந்த முகவரி, போர்ட் 123, இடைவெளி 60 நிமிடம், டைம் ஸோன் ஜிஎம்டி +5:30. பல பெட்டிகள் சீன நேரமான +8-இல்தான் வரும். சரியாக இரண்டரை மணி வித்தியாசம் கண்டால் காரணம் இதுவே.

வழக்கமாக வரும் கோளாறுகள்

சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பினால் ஒரே கணினியில் விண்டோஸும் இருக்கிறது என்று பொருள். விண்டோஸ் ஆர்டிசியில் இந்திய நேரத்தை எழுதும். லினக்ஸ் அதைக் கிரீன்விச் நேரம் என்று படித்து, மேலே ஐந்தரை கூட்டும். லினக்ஸ் பக்கம் வளையாதீர்கள். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் கரண்ட்கண்ட்ரோல்செட், கண்ட்ரோல், டைம்ஸோன்இன்ஃபர்மேஷன் என்று போய், ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற டிவேர்ட் மதிப்பை உருவாக்கி 1 கொடுங்கள்.

நேரம் மணிக்கொருமுறை துள்ளினால் பழைய ஆள் யாரோ, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில், நேரம் திருத்தும் என்டிபிடேட் என்ற நிரலைப் போட்டு வைத்திருப்பார். குரோனி வேகத்தைக் கற்கக் கற்க, அது வந்து முள்ளை இழுத்துவிடும். நீக்கிவிடுங்கள். நேரத்தைத் திருத்துவது எப்போதும் ஒரே நிரலாக இருக்க வேண்டும்.

வயல் சென்சாருக்கும் மோட்டார் கட்டுப்பாட்டுக்கும் வைக்கும் ராஸ்பெரி பை 4 வரையிலான போர்டுகளில் ஆர்டிசியே கிடையாது; பை 5-இல் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். பழையவற்றுக்கு டிஎஸ் 3231 என்ற ஆர்டிசி மாட்யூல் போடுங்கள். வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். பிசகு 2 பிபிஎம், ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவு. விலை மலிந்த மாட்யூல்கள் பலவற்றில் ரீசார்ஜ் ஆகும் பேட்டரிக்கான சர்க்யூட் இருக்கும். அதில் சாதாரண சிஆர் 2032-ஐப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி வீங்கும். 3.3 வோல்ட் பின்னில் இணைப்பது நல்லது.

கெர்னல் பதிவில் "டிஎஸ்சி அன்ஸ்டேபிள்" என்று வந்தால், பிராசஸர் எண்ணியை நம்பாமல் கெர்னல் வேறு எண்ணிக்கு மாறிவிட்டது என்று பொருள். நேரம் கெடாது, கணினி வேலை செய்யும் வேகம்தான் குறையும். பயாஸ் அப்டேட் பல நேரம் சரிசெய்யும்.

ஒரு வாரம் கழித்து டிராக்கிங்கில் ஃப்ரீக்வென்சி எண்ணைக் குறித்து, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். 5, 20, 40 எதுவாக இருந்தாலும் கவலையில்லை. அது அந்த போர்டின் குணம். மறுமாதம் பார்க்கும்போது அதிலிருந்து ஓரிரண்டு பிபிஎம் நகர்ந்திருந்தால் வெயில் காரணம். நூறைத் தாண்டினாலோ, நாளுக்கு நாள் எகிறினாலோ அமைப்புக் கோப்பில் தேடிப் பயனில்லை. போர்டில் ஈரம் ஏறியிருக்கிறதா, கிரிஸ்டலைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.